மைக்ரோ என்றால் எவ்வளவு சின்னது?

மைக்ரோஸ்கோப், மைக்ரோபோன், மைக்ரோசிப்... இவற்றின் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'மைக்ரோ', கிரேக்கச் சொல்லான 'மைக்ரோஸ்' வழியாக வந்தது. சிறிய என்று பொருள். கலிலியோ செய்த உருப்பெருக்கிக் கருவிக்கு 1625-ல் மைக்ரோஸ்கோப் என்று பெயர் சூட்டியவர், அவருடைய நண்பர் ஜியோவானி ஃபாபர்.

பேச்சு வழக்கில் மைக்ரோ என்றால் 'ரொம்பச் சின்னது', அவ்வளவுதான். அளவு என்று வந்துவிட்டால் கணக்கு கறார்: பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மில்லி என்பதோ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது, 1 மில்லிகிராமுக்கு 1,000 மைக்ரோகிராம்.

இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. தைராய்டு மாத்திரைகள் 25, 50, 100 மைக்ரோகிராம் என்றுதான் வருகின்றன. மைக்ரோவுக்கான குறி, 'மியூ' என்ற கிரேக்க எழுத்து. அவசரமாகக் கையால் எழுதினால் அது ஆங்கில 'எம்' போலத் தெரியும். மைக்ரோ மில்லியாகிவிட்டால், மருந்து ஆயிரம் மடங்காகிவிடும்! அதனால்தான் மருந்துச்சீட்டில் 'மியூ' போடாமல் 'எம்.சி.ஜி.' என்று எழுதச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு மாத்திரை வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அதன் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளையும் சேர்த்துப் படியுங்கள்.