மலிவுக் காப்பீடும் நமது பேணுதலும்

அண்மையில் ஒரு ஜும்ஆவுக்குப் பின், பேகம்பூரில் ஒரு தந்தை நம்மிடம் கேட்டார்: "மகன் மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறான். காப்பீடு மார்க்கத்தில் கூடாது என்கிறார்களே, விசாவுக்காக மலிவாக ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தால் போதும்தானே, பாய்?"

இறையச்சத்தில் பிறந்த கேள்வி என்றே முதலில் எண்ணினோம். பேசப் பேச வேறொன்று வெளிப்பட்டது. படிப்புக்காக வங்கியில் வட்டிக்குக் கடன் வாங்கியாயிற்று. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென ஜெர்மனி கேட்கும் 11,904 யூரோவையும் முடக்கக் கணக்கில் செலுத்தியாயிற்று. அப்போதெல்லாம் எழாத பேணுதல், மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 140 யூரோ என்றதும் எழுந்து நின்றது. அவர் ஒருவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வரிசையில் நின்று வாங்கும் நாம், அதற்கு எந்த ஆலிமிடம் போய் ஃபத்வா கேட்டோம்?

காப்பீட்டை உலமாக்கள் ஏன் தடுத்தார்கள் என்பதை அறியாமலேயே அத்தடையைப் பேசுகிறோம். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான சந்தா பெறும் வணிகக் காப்பீட்டைக் கூடாது என்று தீர்மானித்தது. அதிலுள்ள பெரும் நிச்சயமின்மையே காரணம். அதே தீர்மானம், நன்கொடையையும் ஒத்துழைப்பையும் அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீட்டை மாற்று வழியாகக் காட்டியது. முதற்பாதி நம் மிம்பர்கள் வரை வந்து சேர்ந்தது. மறுபாதி வழியிலேயே நின்றுவிட்டது.

இனி ஜெர்மனியைப் பாருங்கள். 1883இல் தொடங்கிய அந்நாட்டின் பொது மருத்துவக் காப்பீட்டை நடத்துபவை இலாபம் பங்கிடும் கம்பெனிகள் அல்ல. சட்டப்படி அமைந்த பொது நிதியங்கள். ஊழியர்கள் வருமானத்துக்கேற்பச் செலுத்துகிறார்கள். நோயுற்றவர் தேவைக்கேற்பப் பெறுகிறார். முப்பது வயதுக்குட்பட்ட மாணவருக்குச் சலுகைச் சந்தா உண்டு. பழைய நோய் இருக்கிறதென்று யாரையும் ஒதுக்குவதில்லை. இதனைத் தகாஃபுல் என்று நாம் சொல்லவரவில்லை. அதன் நிதி நிர்வாகம் ஷரீஅத்தைப் பார்த்து அமைந்ததன்று. எனினும் நம் பைத்துல்மாலை அறிந்தவனுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. போதாக்குறைக்கு, காப்பீடு இல்லாமல் அங்கே பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யவே சட்டம் இடந்தராது.

இதை விட்டுவிட்டு நம்மவர்கள் எடுப்பது எதை? முகவர் நீட்டும் மலிவான தனியார் திட்டத்தை. நோய் வராவிட்டால் கம்பெனிக்கு இலாபம். வந்தாலோ, இது விலக்கு, அது வரம்பு என்ற வாதம். எந்த வணிக ஒப்பந்தத்தைக் குறித்து உலமாக்கள் எச்சரித்தார்களோ, பேணுதலின் பெயரால் அதிலேயே போய் விழுகிறோம்! பல்கலைக்கழகச் சேர்க்கை தொடங்கும் வரையிலான சில வாரங்களுக்குப் பயணக் காப்பீடு தேவைப்படும்; அது வேறு. ஆனால் படிப்புக் காலம் முழுமைக்கும் தனியார் காப்பீடு போதும் என்று பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்றுவிட்டால், அப்படிப்பு முடியும் வரை அதைத் திரும்பப் பெற இயலாது. முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கப்படும் அம்முடிவை, பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளை முகவரின் சொல்லைக் கேட்டு எடுத்துவிடுகிறான்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பாரும் உண்டு. ஷாமில் கொள்ளைநோய் பரவியதை அறிந்து உமர் (ரலி) அவர்கள் வழியிலிருந்தே படையைத் திருப்பியபோது, விதிக்கு அஞ்சி ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடை தந்தார்கள். நம் தவக்குலோ, பிள்ளை மருத்துவமனையில் படுத்தபின் வாட்ஸ்அப்பில் வசூல் கேட்கும் தவக்குலாக இருக்கிறது. அவ்வசூலில் பணம் போடுபவர்களும் தோல் ஷாப்பிலும் வெங்காய மண்டியிலும் உழைப்பவர்கள்தாம்.

அந்தத் தந்தை முகவர் கொடுத்த தாளைக் கொண்டுவந்தார். அவர் மகனுக்குச் சிறுவயது முதலே இரைப்பு நோய் உண்டு. பழைய நோய்களுக்கான சிகிச்சை எதுவும் சேராது என்று மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அவ்வரியைப் படித்துக் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார்.