கைக்கு எட்டாத ஹீட்டர்

பனி கொட்டும் நாடுகளில் காருக்குள் இருப்போர் எப்படிக் குளிர் காய்கிறார்கள், தெரியுமா? பெட்ரோல் காரில் இதற்கெனத் தனி அடுப்பு ஏதும் எரிவதில்லை. பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இயக்கமாக மாறுகிறது. மற்றதில் ஒரு பகுதி புகையோடு போகிறது; இன்னொரு பகுதி எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரைச் சூடாக்குகிறது. அந்த வெந்நீரில் கொஞ்சத்தை இரண்டு ரப்பர் குழாய்கள் வழியே டாஷ்போர்டுக்குப் பின்னால் கொண்டுவந்து, ஒரு தடித்த புத்தகம் அளவுள்ள சிறு ரேடியேட்டருக்குள் செலுத்துகிறார்கள். அதன் மேல் விசிறி ஊதும் காற்று சூடாகிக் காலடிக்கும் முன் கண்ணாடிக்கும் போகிறது. இந்தச் சிறு ரேடியேட்டர்தான் 'ஹீட்டர் கோர்'. வீணாகும் வெப்பத்தை இவ்வளவு எளிமையாகப் பயன்படுத்தும் உறுப்பு காரில் வேறொன்று இல்லை என்பேன்.

இதற்கும் வயதாகிறது. நீர் உறையாமலிருக்க எத்திலீன் கிளைக்காலைப் பாதிக்குப் பாதி கலப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 37 டிகிரி செல்சியஸ் வரை அந்தக் கலவை உறையாது. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் அதில் உண்டு. பல ஆண்டுகள் கலவையை மாற்றாமல் விட்டால் அவை தீர்ந்துபோகும். கிளைக்கால் சிதைந்து அமிலங்கள் உண்டாகும். கோரின் மெல்லிய செம்பு அல்லது அலுமினியக் குழாய்கள் அரிக்கப்படும். பிறகு என்ன? காருக்குள் தித்திப்பான வாசனை, கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம், காலடி விரிப்பில் ஈரம். (அந்தத் தித்திப்பை நம்பாதீர்கள். கிளைக்கால் கொடிய நஞ்சு. சிந்தியதை நக்கிய நாய்களும் பூனைகளும் இறந்திருக்கின்றன.)

புதிய கோரின் விலை பெரிதல்ல. சில கார்களில் நாலைந்து திருகுகளைக் கழற்றி ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். வேறு சிலவற்றில் ஸ்டியரிங்கை இறக்கி, வயர்களைப் பிரித்து, டாஷ்போர்டு முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். குளிர்சாதன வசதியும் அதே பெட்டிக்குள் இருந்தால் அதன் வாயுவை முதலில் இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பழைய கார்களிலுள்ள ஆர்-12 வாயு, ஓசோன் படலத்தை அழிப்பதால் 1987ஆம் ஆண்டு மான்ட்ரீல் உடன்படிக்கையில் கட்டுப்படுத்தப்பட்டது. அதைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. ஆக, வேலை ஒரு முழு நாள். கூலியோ கோரின் விலையைப் போல் பல மடங்கு!

வடிவமைத்தவர்கள் அறிவற்றவர்களா? இல்லை. தொழிற்சாலையில் முதலில் ஹீட்டர் பெட்டியைப் பொருத்தி, அதன் மேல் டாஷ்போர்டை ஒரே மூச்சில் மாட்டுவது மிகச் சுலபம். ஆனால் பரணில் முதலில் ஏற்றிய அண்டாவைக் கடைசியில்தானே இறக்க முடியும்?

இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துக் கோரை ஒதுக்கிவிடுவோரும் உண்டு. எஞ்சின் ஓடும். ஆனால் குளிர்காலத்தில் கண்ணாடியில் படியும் பனியை நீக்க வெப்பம் இராது. ஓட்டுநருக்குப் பாதை தெரியாது. இது தகாத வேலை. கூலிக்கு அஞ்சி, நல்ல எஞ்சினுள்ள காரையே உடைக்கப் போட்டுவிடுவோரும் இருக்கிறார்கள். அந்த எஃகையும் அலுமினியத்தையும் உருக்கி மறுபடியும் கார் செய்ய எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இடம் போதாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். இந்தப் பதிலை என்னால் முழுதும் ஏற்க முடியவில்லை. அதே அளவுள்ள வேறு கார்களில் பக்கவாட்டிலிருந்தே கோரை உருவி எடுக்க முடிகிறதே! கார் வாங்குபவரிடம் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். எந்த உறுப்பை மாற்ற எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் சொல்லட்டும். இதைப் புதிதாகக் கணக்கிட வேண்டியதில்லை. அமெரிக்கப் பட்டறைகளில் கூலி கணக்கிடும் கையேடுகளில் ஒவ்வொரு வேலைக்கும் மணிக்கணக்கு இருக்கிறது. பிரான்சு நாட்டில் 2021 முதல் கைபேசி, சலவை இயந்திரம் போன்றவற்றுக்குப் பழுதுபார்க்கும் எளிமையைப் பொறுத்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பட்டியலில் காரையும் சேர்த்தால், ஹீட்டர் கோருக்கு எதிரே ஒரு மணியா, பத்து மணியா என்பதை வாங்குபவர் கடையிலேயே பார்த்துவிடலாம்.