சித்திரை வெயிலும் சேவல் அழகும்

தமிழ் இலக்கியத்தில் கோழிக்குப் பெரும்பாலும் இரண்டே வேலைகள்தாம். ஒன்று, விடியலை அறிவிப்பது, மற்றொன்று, போரிடுவது. யானையைப் பொருது வென்ற கோழியின் கதையால் உறையூர் 'கோழி' எனப் பெயர் பெற்றதை வாசகர்கள் அறிவர். குப்பைமேட்டில் தாமே சண்டையிடும் கோழிகளை உவமையாக்கிய குறுந்தொகைப் புலவருக்குக் குப்பைக்கோழியார் என்பதே பெயராக நிலைத்துவிட்டது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவலுக்கென்றே எடுக்கப்பட்ட பழைய நடுகல் ஒன்று உண்டு. போரில் மடிந்த பறவையையும் வீரனைப் போல மதித்த மரபு நம்முடையது.

அம்மரபில் அண்மைக் காலத்தில் மூன்றாவது வேலையொன்று சேர்ந்திருக்கிறது: நின்று அழகு காட்டுவது. திண்டுக்கல் வட்டாரத்திலும் கொங்குப் பகுதியிலும் நடைபெறும் கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சிகளைப் பற்றியே சொல்கிறோம். சண்டைச் சேவல் இனத்திலிருந்து தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இப்பறவைகளுக்குக் கிளியினுடையதைப் போல் வளைந்த குட்டையான அலகு, தடித்த கழுத்து, விசிறியாய் விரியும் நீண்ட வால் ஆகியவை இலக்கணம். மயில், காகம், கீரி, நூலான், கொக்கு வெள்ளை என நிறத்துக்கொரு பெயர். கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்துக்கொண்டே கொல்லையில் இவற்றை வளர்ப்போரும் எங்களுள் உண்டு.

இக்கண்காட்சிகளை நாங்கள் மனமார வரவேற்றவர்கள். விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. காலில் கத்தி கட்டாமலே, ஒரு துளிக் குருதி சிந்தாமலே, ஓர் இனத்தைக் காக்கவும் அதன்மேல் நாம் கொண்ட பெருமிதத்தைக் காட்டவும் இயலும் என்பதற்குக் கண்காட்சியே சான்று. ஆனால் அதே கண்காட்சியைச் சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் நண்பகல் வரை நடத்தும்போது, விட்டுவிட்டோம் என்று நாம் எண்ணிய போரை வேறொரு வடிவில் தொடங்கிவிடுகிறோம். எதிரே நிற்பது மற்றொரு சேவல் அன்று, வெயில். இந்தப் போரில் சேவல் வென்றதாக வரலாறு இல்லை.

கோழியின் உடலமைப்பை அறிந்தவர்க்கு இது மிகையாகத் தோன்றாது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல் வெப்பம் இயல்பிலேயே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருந்தால் உடல் தன் வெப்பத்தை அதற்குக் கடத்திவிடும். கரூர் பரமத்தியிலும் ஈரோட்டிலும் வேலூரிலும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதன்று. அந்நிலையில் காற்றுக்கும் உடலுக்கும் வேறுபாடே இல்லாமற் போகிறது. எஞ்சியிருப்பது ஒரே வழி: அலகைத் திறந்து இளைத்து, மூச்சின் ஈரத்தால் குளிர்வது. அப்படி இளைக்கும்போது உடலின் கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறிக் குருதியின் சமநிலை குலைகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் இளைப்பதும் பயன்படாது.

இங்கேதான் அழகின் இலக்கணம் குறுக்கிடுகிறது. கொண்டையும் தாடிச் சதையும் வெறும் அணிகலன்கள் அல்ல. குருதியை மேற்பரப்புக்குக் கொணர்ந்து வெப்பத்தை வெளிவிடும் உறுப்புகள் அவை. சண்டைச் சேவல் மரபில் வந்த பறவைக்கு இவ்விரண்டும் சிறியவை. எதிரியின் பிடிக்கு அகப்படாதிருக்க அன்று உதவிய சிறுமை, இன்று வெயிலில் குறையாகிறது. காகம் எனப்படும் கருநிறச் சேவல் நேர்வெயிலில் மேலும் சூடேறும். பரிசுக்குரிய உடலே வெப்பத்தை வெளிவிட வழி குறைந்த உடலாகவும் இருக்கிறது.

வீட்டில் வளர்ப்போர் இதை நன்கறிவர். விடியலிலும் பொழுது சாய்ந்த பின்னுமே தீனி வைப்பர். தீனி செரிக்கையில் உடலுக்குள்ளேயே வெப்பம் பிறக்கும் என்பதால் நடுப்பகலில் வைப்பதில்லை. மண்சட்டியில் தண்ணீர், அதையும் பலமுறை மாற்றுதல், தென்னங்கீற்றுக் கூரை, சுற்றிலும் ஈரச் சாக்கு, புழுதிக் குளியலுக்கு மரநிழலில் ஒரு குழி என எத்தனையோ கவனம். நாமக்கல்லின் முட்டைப் பண்ணைகளில்கூடக் கோடையில் கூரைமேல் நீர் தெளிக்கிறார்கள். ஓராண்டு இப்படிப் போற்றி வளர்த்த சேவலைப் பிடித்துப் பெட்டியிலடைத்து, வண்டியில் குலுங்கக் கொண்டுபோய், கூண்டில் நிறுத்தி, நடுவர் கையிலும் பார்வையாளர் கையிலும் மாற்றி மாற்றித் தருகிறோம். வெப்பத்தில் தவிக்கும் பறவையைப் பிடிப்பதும் தூக்குவதுமே அதன் சூட்டை மேலும் ஏற்றும். பல ஊர்ப் பறவைகள் ஓரிடத்தில் கூடுவதால் வெள்ளைக்கழிச்சல் பரவும் அச்சம் வேறு.

மாற்றுக் கருத்துகளை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். கோடை விடுமுறையில்தான் கூட்டம் சேரும் என்கிறார்கள், உண்மையே. ஒரு பரிசு ஒரு சேவலின் விலையை மட்டுமன்றி, அதன் குஞ்சுகளின், முட்டைகளின் விலையையும் தீர்மானிக்கிறது. ஒரு பருவத்தை இழப்பது சிறு வளர்ப்பாளருக்குச் சிறிய இழப்பன்று. இதையும் மறுக்கவில்லை. 'நம் மண்ணின் பறவை, இந்த வெயிலெல்லாம் அதற்குப் பழக்கம்' என்ற வாதத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. இம்மண்ணின் பறவை வெயிலைத் தாங்கியது கூண்டில் நின்று அன்று. வேலியோரப் புதரிலும் புளியமரத்தடியிலும் ஒதுங்கியே தாங்கியது. ஒதுங்கும் உரிமையைப் பறித்துவிட்டுத் தாங்கும் திறனைப் புகழ்வது நியாயமாகாது. கண்காட்சியில் எந்தச் சேவலும் சாகவில்லை என்பதும் போதிய விடையன்று. திரும்பும் வழியிலும் மறுநாள் வீட்டிலும் சாகும் பறவையை அமைப்பாளர்களின் கணக்கு அறியாது.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மனிதர்க்கே பேரிடர் எனச் சொல்லப்பட்ட வெயிலில், வியர்க்கவும் இயலாத உயிரை அழகுக்காக நிறுத்துவதைப் பற்றி நாம் பேசியே ஆகவேண்டும்.

நாங்கள் வேண்டுவன அரியவை அல்ல. சித்திரை, வைகாசியில் கண்காட்சி வேண்டாம்; கார்த்திகை முதல் மாசி வரை நான்கு மாதங்கள் இருக்கின்றன. எந்த மாதமாயினும் விடியலில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிக்கலாம். தகரத்துக்கு மாற்றாகக் கீற்றுப் பந்தல், கூண்டுதோறும் தண்ணீர், வளாகத்தில் ஒரு கால்நடை மருத்துவர் என்பவை நுழைவு விதிகளாகட்டும். அலகு பிளந்து இளைக்கும் சேவலை நடுவர் மதிப்பிடாமல் நிழலுக்கு அனுப்பட்டும். அலகுக்கும் வாலுக்கும் மதிப்பெண் இருப்பதுபோல, பறவையின் நலத்துக்கும் மதிப்பெண் இருக்கட்டும். எதற்குப் பரிசு தருகிறோமோ அதையே வளர்ப்போர் வளர்ப்பர். நலமுள்ள பறவைக்குப் பரிசு கிடைத்தால் நலமுள்ள கால்வழி பெருகும்.

இவை விதிகளாகும் வரை கோடைக் கண்காட்சிகளுக்குச் சேவல் அனுப்புவதில்லை என எங்கள் வட்டத்தினர் முடிவு செய்திருக்கிறோம். இவ்வாண்டுக் குஞ்சுகள் சிலவற்றுக்கு நல்ல விலை கிட்டாமற் போகலாம். அதை அறிந்தே இம்முடிவை எடுத்தோம். சேவல் வளர்க்கும் நண்பர்களும், அவர்களை அறிந்த வாசகர்களும் இதுபற்றித் தங்கள் ஊரில் பேசத் தொடங்கினால், அடுத்த சித்திரைக்கு முன்பே நல்லதொரு மாற்றம் வரக்கூடும்.