வெளிநாட்டுக் கிறுக்குத்தனங்களும் ஒரு கெட்ட பழக்கமும்

வெளிநாட்டுக்குப் போன நம்மாளுகளுக்கு ரெண்டே வருசத்துல சில வினோதப் பழக்கங்கள் ஒட்டிக்கும். ஊருக்கு லீவுல வந்தா சொந்தக்காரய்ங்க அதை வச்சே ஓட்டித் தள்ளுவாய்ங்க. "தொரை வந்துட்டாருடா"ன்னு ஆரம்பிச்சா விமானம் ஏத்தி விடுற வரைக்கும் நிறுத்த மாட்டாய்ங்க. என் கட்சி என்னன்னா, இதுல முக்கால்வாசிப் பழக்கத்தால யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. சிரிச்சுட்டு விட்டுடலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் விஷம். ஆனா அதை வினோதம்னு யாருமே நினைக்கிறதில்லை. அதுக்குக் கடைசியில வர்றேன்.

அடியேன் வருசநாட்டுக்காரன். மூல வைகை பிறக்குற மலைக்குக் கீழே, இலவம்பஞ்சுக்குப் பேர் போன பக்கம். இன்ஜினியரிங் முடிச்சுட்டு இப்போ நியூஜெர்சி எடிசன்ல பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். நாலு வருசம் ஆச்சு. இந்த நாலு வருசத்துல என்கிட்டயும் கூட இருக்குற பயலுககிட்டயும் பாத்த பழக்கங்கள் இதோ:

1. பூவாளி: நம்ம பேச்சிலர் வீடுகள்ல ஒரு செடி கூட இருக்காது. ஆனா பாத்ரூம்ல மட்டும் செடிக்குத் தண்ணி ஊத்துற பூவாளி ஒண்ணு இருக்கும். எதுக்குன்னு விளக்கணுமா? இந்த ஊர் கடைகள்ல நம்ம ஊர் கப்பு லேசுல கிடைக்காது. பேப்பர் நமக்கு ஒத்து வராது. வெள்ளைக்கார நண்பர் ஒருத்தர் வந்தவர், "உனக்குத் தோட்டக்கலையில ஆர்வமா?"ன்னு கேட்டார். ஆமான்னுட்டேன் :-)

2. மாவுக்கு வைத்தியம்: டிசம்பர் குளிர்ல இட்லி மாவு பொங்கவே பொங்காது. அதனால பாத்திரத்தை ஓவனுக்குள்ள வச்சு, அடுப்பைப் பத்த வைக்காம உள்ள இருக்குற லைட்டை மட்டும் போட்டு விடுவோம். அந்தச் சின்ன சூட்டுல மாவு புளிச்சுரும். ஓவன் லைட் பியூஸ் போன வாரம், பாத்திரத்துக்கு ஸ்வெட்டர் மாட்டி விட்ட ஆளையும் பாத்திருக்கேன். அவன் போட்டுக்க வேற ஸ்வெட்டர் இல்லைங்கறது தனிக்கதை.

3. சாமரம் வீசுதல்: வீட்டுக்கு வீடு புகை அலாரம். கடுகு தாளிச்சா கத்தும். ஒருத்தன் தாளிப்பான், இன்னொருத்தன் அலாரத்துக்குக் கீழே நின்னு துண்டை வீசுவான். சாமிக்கு வெண்சாமரம் வீசுற மாதிரியே இருக்கும்.

4. இருபத்து மூணு கிலோ: விமானத்துல பெட்டிக்கு 23 கிலோதான் கணக்கு. வருசா வருசம் பெட்டி கட்டிக் கட்டி, கை தராசு ஆயிடுது. போன தடவை தேனி மார்க்கெட்டுல ஒரு வாழைத்தாரைத் தூக்கிப் பாத்துட்டு "பதினொண்ணு இருக்கும்"னேன். கடைக்காரர் தராசுல வச்சார். பதினொண்ணேகால். "தம்பி கமிஷன் கடையில வேலை பாக்குதா?"ன்னு கேட்டார்.

5. ரகசிய மொழி: யாருக்கும் புரியாதுங்கற தைரியத்துல, பக்கத்துல நிக்கிறவங்களைப் பத்தியே சத்தமாத் தமிழ்ல பேசுறது. பழக்க தோஷத்துல ஆண்டிபட்டி பஸ்ல ஏறி அதையே செஞ்சா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

6. டாலர் கணக்கு: வந்த புதுசுல எல்லாத்தையும் ரூபாய்க்கு மாத்திப் பாத்து, ஒரு காபி குடிக்கவே நெஞ்சு வலிக்கும். நாலு வருசம் கழிச்சு அதுவே தலைகீழா மாறி, ஊர்ல எதைப் பாத்தாலும் "ரெண்டு டாலர்தானே" ஆயிடும். இதுல ஒரு வேடிக்கை உண்டு. இங்க ஓட்டல்ல சாப்பாட்டுக்கு மேல 18 சதவீதம் டிப்ஸ் பேசாம வச்சுட்டு வர்றவன், ஊர்ல கீரைக்கார அம்மாகிட்ட அஞ்சு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவான்.

7. அணை நீர்மட்டம்: இது எங்க மாவட்டத்துக்காரனுக்கு மட்டுமே உள்ள வியாதி. காலையில எடிசன் ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கும்போது எல்லாரும் பங்குச்சந்தை பாப்பாங்க. கம்பத்துக்கார நண்பன் முல்லைப் பெரியாறு நீர்மட்டம் பாப்பான். 2014-ல உச்சநீதிமன்றம் 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு தீர்ப்பு சொன்னதுல இருந்து, 142 அவங்களுக்கு ஒரு சாமி நம்பர் மாதிரி. கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணியை நம்பித்தான் இருக்கு. எங்க வருசநாட்டுக்கும் பெரியாறு தண்ணிக்கும் நேரடியா சம்பந்தம் இல்லை, எங்களுக்கு மூல வைகைதான். அதனால நான் பாக்குறது வைகை அணை, 71 அடி கணக்கு. அணை ஏறுதுன்னா எங்க ஆத்துல தண்ணி ஓடியிருக்கலாம்னு ஒரு நப்பாசை. பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு, எனக்குச் சொந்தமா ஒரு சென்ட் வயல் இல்லாம, இதை ஏன் பாக்குறேன்? தெரியலை. பாத்தாத்தான் அன்னிக்கு வேலை ஓடுது.

இதெல்லாம் ஐ.டி. பயலுக கொண்டு வந்த புதுப் பழக்கம்னு நினைச்சுராதீங்க. கடல் தாண்டிப் போன எல்லாத் தலைமுறைக்கும் இது உண்டு. 1964-ல சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தம் போட்டாங்க. இலங்கைத் தோட்டங்கள்ல இருந்த தமிழர்கள்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கிறதுன்னு அதுல பேச்சு. அப்படித் திரும்பி வந்த தாத்தா ஒருத்தர் எங்க தெருவுல இருந்தார். பால் விட்ட டீயைக் கடைசி வரைக்கும் தொடவே இல்லை. வெறும் சாயத்தண்ணி, கையில ஒரு துண்டு கருப்பட்டி. ஒரு கடி, ஒரு மடக்கு. ஊரே சிரிக்கும், அவர் பாட்டுக்குக் குடிப்பார். அறுபதுகள்ல பர்மாவுல இருந்து விரட்டப்பட்டு வந்தவங்க சென்னைக்குக் கொண்டு வந்த பழக்கம்தான் அத்தோ. பாரிமுனைப் பக்கம் போனா, பர்மாவை மேப்புல கூடப் பாக்காத பசங்க இன்னிக்கு வரிசையில நின்னு அதைச் சாப்பிடுறாங்க. ஒரு தலைமுறையோட கிறுக்குத்தனம் அடுத்த தலைமுறைக்கு ருசியா ஆயிடுது. அதனாலதான் சொல்றேன், பூவாளியையும் ஓவன் மாவையும் பாத்துச் சிரிங்க, ஆனா திட்டாதீங்க.

இன்னொரு விஷயத்தையும் சொல்லணும். வினோதப் பழக்கம் போனவனுக்கு மட்டும் வர்றதில்லை, ஊர்ல இருக்கவங்களுக்கும் வரும். எங்க வீட்டுச் சுவர்ல இப்போ ரெண்டு கடிகாரம். ஒண்ணு வருசநாடு, இன்னொண்ணு எடிசன். மார்ச்சுலயும் நவம்பர்லயும் அமெரிக்காவுல மணியை ஒரு மணி நேரம் மாத்துவாங்க. கோடையில நமக்கும் அவங்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்துல பத்தரை. அப்பா ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்புவார். "ஊர் கூடி நேரத்தையே மாத்துறாய்ங்கன்னா எவ்வளவு தைரியம்டா அவய்ங்களுக்கு"ன்னு வருசத்துக்கு ரெண்டு தடவை ஆச்சரியப்படுவார். அம்மா காலையில எந்திரிச்சதும் போன்ல எடிசன் குளிரைப் பாக்கும். மைனஸ் ஏழுன்னு காட்டினா, அன்னிக்கு அடுப்படியில எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழும். போன் வர்ற நேரம் பாத்து ரெண்டு பேரும் மாடிப்படியில மூணாவது படியில போய் உக்காருவாங்க. அங்கதான் சிக்னல் நிக்கும்.

சரி, இப்போ மேட்டருக்கு வர்றேன். அந்த விஷப் பழக்கம் என்னன்னா, "நல்லா இருக்கேன்"னு சொல்றது. "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்"னு பதில் சொல்றது.

இது கடிதக் காலத்துல இருந்தே வர்ற நோய். கடிதம்னாலே "இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்"னு ஆரம்பிச்ச சனம் நாம. எழுதுறவனுக்கு நூத்தி மூணு டிகிரி காய்ச்சல் இருந்தாலும் முதல் வரி அதுதான். கடிதம் போய்ச் சேரவே பத்து நாள் ஆன காலத்துல அதுக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. காய்ச்சலைச் சொன்னா, அது குணமான பிறகுதான் அங்க அழுவாங்க. இன்னிக்கு முகத்தைப் பாத்துப் பேசுற காலத்துலயும் அதையே சொல்லிக்கிட்டு இருக்கோம்.

ரெண்டு சம்பவம் சொல்றேன். எங்க அப்பத்தா வாசப்படியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு. ஆபரேஷன் நடந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது 22 நாள் கழிச்சு. நடுவுல மூணு ஞாயித்துக்கிழமை போன்ல பேசியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் "அப்பத்தா எங்க?"ன்னு கேட்டேன். "தூங்குது"ன்னாங்க. கடைசியில என் தங்கச்சிதான் பொறுக்க முடியாம உடைச்சுட்டா. ஏன் மறைச்சீங்கன்னு கேட்டா, "நீ அங்க தனியாக் கெடந்து தவிப்ப, லீவு போட்டு ஓடியாருவ"ன்னு அம்மா சொன்னாங்க. அதைக் கூடத் தாங்கிக்கலாம். அப்பத்தாகிட்ட பேசினப்ப அது சொன்னதுதான் இன்னிக்கும் குத்துது. "ஆசுபத்திரியில கெடந்தப்ப வாரவங்க போறவங்கெல்லாம் விசாரிச்சாக. எம் பேரன் மட்டும் ஒரு வார்த்தை கேக்கலையேன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்யா." எனக்குக் கவலை வரக்கூடாதுன்னு செஞ்ச வேலை, படுக்கையில கிடந்த கிழவிக்குப் பேரன் இல்லாமப் பண்ணிருச்சு.

இந்தப் பக்கம் இருக்குற ஆளுகளும் லேசுப்பட்டவய்ங்க இல்லை. என்கூடத் தங்கியிருந்த போடிக்காரப் பையனுக்கு வேலை போச்சு. எச்-1பி விசாக்காரனுக்கு வேலை போனா அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதுக்குள்ள வேற கம்பெனி பிடிக்கணும், இல்லைன்னா விசா வகையை மாத்தணும், இல்லைன்னா பெட்டியைக் கட்டணும். அவன் வீட்டுல சொல்லலை. தினமும் ராத்திரி "ஆபீஸ்ல ஆணி ஜாஸ்திப்பா"ன்னு கதை விடுவான். அந்த நேரத்துலதான் அங்க தங்கச்சி கல்யாணப் பேச்சு. மண்டபம் பிடிக்கவான்னு அப்பா கேக்க, இவனும் சரின்னுட்டான். அவர் மகன் சம்பளத்தை நம்பி வட்டிக்கு வாங்கி அட்வான்ஸ் குடுத்துட்டார். அம்பதாவது நாள் விஷயம் தெரிஞ்சப்ப அவர் திட்டவே இல்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா முகூர்த்தத்தைத் தை மாசத்துக்குத் தள்ளியிருப்பேனேடா"ன்னு மட்டும் சொன்னார். பையன் ஊருக்குத் திரும்பி இப்போ பெங்களூர்ல நல்லா இருக்கான். வட்டி இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

"சொல்லி என்ன ஆகப்போகுது? இவ்வளவு தூரத்துல இருந்து என்ன கிழிக்க முடியும்?"னு கேப்பீங்க. நிறைய கிழிக்கலாம். லீவு கேக்கலாம், பணம் புரட்டலாம், ஊர்ல இருக்குற கூட்டாளி ஒருத்தனை ஆசுபத்திரிக்கு அனுப்பலாம். ஒண்ணும் முடியலைன்னா, "வலிக்குதா அப்பத்தா?"ன்னு கேக்கலாம். அது சின்ன வேலை இல்லை. மறைக்கும்போது செய்தியை மட்டும் மறைக்கலை. "இவன் இதுல முடிவெடுக்க வேண்டிய ஆள் இல்லை"ன்னு ஒதுக்கி வைக்கிறோம். பாசத்தாலதான் செய்யிறோம், இருந்தாலும் ஒதுக்கி வைக்கிறதுதான் அது.

சரி, மறைச்சதால நிம்மதியாவது கிடைக்குதா? அதுவும் இல்லை. எப்பவுமே "நல்லா இருக்கேன்"னு சொன்னா அந்த வார்த்தைக்கு மதிப்பே போயிரும். அப்புறம் அம்மா குரலை நம்பாது. வீடியோவுல கண்ணுக்குக் கீழே கருப்பு இருக்கான்னு பாக்கும். நான் பின்னாடி யார் இருமுறதுன்னு காதைத் தீட்டிக்கிட்டு இருப்பேன். ரெண்டு பக்கமும் போலீஸ் விசாரணைதான்.

அதனால இப்போ எங்க வீட்டுல ஒரு சட்டம். ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா ரெண்டு பக்கமும் ஒரு கெட்ட சேதி சொல்லியே ஆகணும். இல்லைன்னா போனை வைக்கக்கூடாது. முதல் வாரம் அப்பாவுக்கு ஒண்ணும் வரலை. ரொம்ப யோசிச்சு, "உங்கம்மா வச்ச கொழம்பு நல்லாயில்லை"ன்னார். (பின்னாடி அம்மா சத்தம் கேட்டுச்சு.) மூணாவது வாரத்துல இருந்துதான் நிஜம் வர ஆரம்பிச்சது. பங்காளியோட வரப்புத் தகராறு. அம்மாவுக்குச் சர்க்கரை கூடி மாத்திரை மாத்தினது. இலவங்காய்க்கு விலை கிடைக்காம மரத்துலயே விட்டது. நானும் பல் வலியைச் சொன்னேன், மேனேஜர் எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்கினதைச் சொன்னேன். நாலு நிமிசத்துல முடிஞ்ச பேச்சு இப்போ நாப்பது நிமிசம் ஓடுது. அப்பா எனக்கு யோசனை சொல்றார், நான் அவருக்குச் சொல்றேன். பாதி யோசனை உருப்படாதது. பரவாயில்லை.

போன வாரம் அவர் சொன்ன லிஸ்ட்: மோட்டார் காயில் போச்சு, ஆத்துல தண்ணி இல்லை, அப்பத்தா கைத்தடியைத் தூக்கிப் போட்டுட்டு நடக்கேன்னு அடம் பிடிக்குது. கடைசிச் சேதியைக் கேட்டதும் அப்பத்தாவை லைன்ல கூப்பிட்டு அரை மணி நேரம் சண்டை போட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் உருப்படியாப் பேசின மாதிரி இருந்துச்சு.

பூவாளி இருக்கட்டும், அணை நீர்மட்டமும் இருக்கட்டும். இந்த வாரம் ஊருக்குப் போன் போடும்போது "நல்லா இருக்கேன்"ங்கறதுக்குப் பதிலா ஒரு கெட்ட சேதியைச் சொல்லிப் பாருங்க. ஒண்ணும் கிடைக்கலைன்னா பல் வலியில இருந்து ஆரம்பிங்க. எனக்கு அப்படித்தான் ஆரம்பிச்சது.

வர்ட்டா?