பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பது யார்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "எந்தக் கல்லூரி?" என்பதே. "எந்தப் பாடத்தில் உனக்கு நாட்டம்?" என்று மாணவரிடம் கேட்போர் குறைவு. பதினைந்து வயதில் எடுக்கும் இந்த முடிவே, பின்னர் எந்தெந்த நுழைவுத் தேர்வுகளை எழுதலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

தமிழகத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கையும் ஒரே பிரிவில் படித்து, பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் முயலலாம். ஆந்திரத்தின் இண்டர்மீடியட் படிப்பிலோ, பொறியியலுக்கு எம்.பி.சி., மருத்துவத்துக்கு பை.பி.சி. என்று நெடுங்காலமாக இரு பாதைகள். எனவே, எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலூர், திருத்தணி உறவினர்கள் கூறும் "ஃபர்ஸ்ட் குரூப்" ஆலோசனை இங்கு அப்படியே பொருந்துவதில்லை.

2025-26 கல்வியாண்டில், கணிதத்துடன் உயிரியலையும் சேர்த்துப் படிக்க வழி செய்யும் எம்.பை.பி.சி. முறையை ஆந்திர அரசு அறிமுகப்படுத்தியது. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால், நாட்டம் அறியாமல் இதைத் திணித்தால், ஒரு சுமை இரு சுமையாகும்.

வாய்ப்புகள் தொலைவில் இல்லை. 2015-இல் திருப்பதியில் தொடங்கப்பட்ட ஐசர் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வை எழுத, மேற்கண்ட நான்கு பாடங்களில் மூன்றைப் படித்திருந்தால் போதும். பை.பி.சி. மாணவரும் விண்ணப்பிக்கலாம். பட்டயக் கணக்காளர், சட்டப் படிப்புகளுக்கோ எந்தப் பிரிவும் தடையில்லை. சி.இ.சி. பிரிவை மதிப்பெண் குறைந்தவர்களின் புகலிடமாகக் கருதுவது அறியாமை.

விசாகப்பட்டினத்தில் "நீட்" பயிற்சி பெற்ற மாணவி உயிரிழந்த வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் நெறிமுறைகளை வகுத்தது. மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் முறையான தொழில்வழி ஆலோசனையைத் தொடர்ந்து அளிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பாடத் தேர்வு என்பது உயிர்ப் பிரச்னையும்கூட என்பதை நீதிமன்றமே உணர்த்திவிட்ட பிறகு, தாமதத்துக்கு நியாயமில்லை.

ஒவ்வோர் அரசு உயர்நிலைப் பள்ளியிலும் பொதுத் தேர்வுக்கு முன்பே பெற்றோர் கூட்டம் நடத்தப்பட வேண்டும். எந்தப் பிரிவு எந்தத் தேர்வுக்கு வழிவிடும் என்ற அட்டவணையைத் தெலுங்குடன், தமிழர் வாழும் பகுதிகளில் தமிழிலும் வழங்க வேண்டும். மாணவரின் விருப்பத்தை அவரை நன்கறிந்த ஆசிரியர் பெற்றோரிடம் எடுத்துரைக்க வேண்டும்.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. ஆலோசனை சொல்ல வேண்டிய பள்ளி மௌனம் காத்தால், அந்த இடத்தைத் தனியார் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகளே நிரப்பும்.