எழுத்துக்கு அணி எவ்வளவு?

இவ்வாண்டு மலரை அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை பழைய பாணி அலங்கார எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் நண்பர்கள் சிலர் கேட்டனர். அறிவியல் படிக்கிறவனுக்கு அழகைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ணாதீர்கள். படிக்கப்போகும் கண்களில் என் கண்களும் இரண்டு!

அந்த எழுத்தின் மீது எனக்கு வெறுப்பில்லை. அந்தமானில் வண்டூரில் வளர்ந்தவன் நான். தாய்நாட்டு உறவினர் அனுப்பிய திருமண அழைப்பிதழ்கள்தாம் தமிழெழுத்தின் அழகை எனக்கு முதலில் காட்டின. தடித்த கோடு மெல்ல மெலிந்து சுருளாய் முடியும். தொட்டால் விரலுக்குத் தெரியும். பாட்டி அவற்றைச் சாமி படத்தின் பின்னே பல ஆண்டுகள் வைத்திருந்தார். அழைப்புக்கும், அட்டைக்கும், கடைப் பெயருக்கும் அவ்வெழுத்து பொருத்தமே. நாலு சொல்லைக் கண் நின்று சுவைக்கும். நாற்பது பக்கத்தையும் நின்று சுவைக்க முடியுமா?

ஆங்கில எழுத்தின் கோடுகள் முடியும் இடத்தில் சிறு பாதம் வைப்பது பழைய வழக்கம். இத்தாலியின் போடோனி அதில் தடிப்பையும் மெலிவையும் எதிரெதிரே நிறுத்திப் புகழ் பெற்றார். 1932-இல் லண்டன் நாளிதழுக்கென வந்த டைம்ஸ் நியூ ரோமன் எழுத்திலும் பாதம் உண்டு. ஆனால் அடக்கமான பாதம். அந்தப் பாதத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? கால் குறியின் அடியில் ஒரு சாய்கோட்டை ஒட்டிப் பாருங்கள், அது ரகரம் ஆகிவிடும். 'பாவை' என்று எழுதினால் 'பரவை' என்று படிப்போம். பெண் கடலாகிவிடுவாள்! ஓலைச்சுவடியில் இரண்டும் ஒரே வடிவமாக இருந்து அறிஞர்கள் பட்ட பாடு போதாதா? மெல்லிய கோடும் சிறு புள்ளியும் சிறிய அளவில் அச்சில் மங்கிவிட்டால், மெய்யும் உயிர்மெய்யும் கலந்துவிடும்.

அச்சுத் தொழில் நமக்குப் புதிதன்று. 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களில் தமிழெழுத்தில் அச்சாயிற்று. பின்னர் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய எழுத்து பெரிதாக இருந்து தாளை விழுங்கியது. ஆகவே இங்கேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். தேவைக்கேற்ப எழுத்தை மாற்றியவர்கள் நம் முன்னோடிகள்.

'பழைய பாணி' என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. துதிக்கை வைத்த பழைய 'லை', 'னை' வடிவங்களையும் சேர்த்தே நண்பர்கள் கேட்கின்றனர். 1935-இல் பெரியார் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. பாட்டி இன்றும் பழைய வடிவத்தில்தான் கடிதம் எழுதுகிறார். என் தம்பியோ அதைப் படிக்கத் திணறி என்னிடம் நீட்டுகிறான். இந்த மலர் அவன் கைக்கும் போகும். வண்டூரில் தமிழ் இதழ் கிடைப்பது அரிது.

அட்டைக்கும் தலைப்புகளுக்கும் அலங்காரம் இருக்கட்டும். உள்ளே எளிய எழுத்து போதும் என்பது என் கருத்து. அடுத்த கூட்டத்துக்கு ஒரே கட்டுரையை இருவகை எழுத்திலும் அச்சிட்டுக் கொண்டுவருகிறேன். விடுதி விளக்கொளியில் படித்துப் பார்த்துவிட்டு வாக்களியுங்கள்.