முதல் சிகிச்சை தொலைபேசியில் தொடங்குகிறது

108 அழைப்பை ஏற்பவர் முகவரி குறித்துக்கொள்பவர் மட்டுமே எனப் பலர் எண்ணுகின்றனர். நாங்கள் அவ்வாறு எண்ணவில்லை. இதயம் நின்றுவிட்டால் மூளைக்கு எஞ்சுவன சில நிமிடங்களே. ஆம்புலன்ஸ் வரும்வரை அது காத்திராது. "நினைவு இருக்கிறதா? இயல்பாக மூச்சு விடுகிறாரா?" என்னும் இரு கேள்விகளால் நிலையை உணர வேண்டும். விட்டுவிட்டு எழும் திணறலை மூச்சென்று மயங்கலாகாது. மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துமாறு, பதறி நிற்கும் மகனையோ மனைவியையோ குரலாலேயே வழிநடத்த வேண்டும். இது எழுத்தர் பணியன்று, மருத்துவப் பணி. எனவே, அழைப்பேற்பவருக்கான பயிற்சியும் செவிலியர் பயிற்சிக்கு இணையான கண்டிப்புடன், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். உறவினர்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே: முகவரி சொன்னதும் இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.